ஆடலும் ஆசானும்: குவென் வேர்டனின் கலைவாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

கலைகளுட் சில காலத்தை வென்று நிற்பன. சில காலத்தோடு கரைந்து போவன. சிற்பி செதுக்கிய கல் நிலைக்கிறது. புலவன் எழுதிய ஏடு படியெடுக்கப்பட்டு வாழ்கிறது. இசைவாணரின் பண்ணுங்கூடச் சுரக்குறிப்பிலும் இசைத்தட்டிலும் ஓரளவு தங்குகிறது. ஆடற்கலையோ ஆடுவோரின் உடலிலே பிறந்து, அவ்வுடல் ஓய்ந்ததும் தானும் ஓய்வது. ஆதலின், நாடக வரலாறு எழுதுவோர் பாடலாசிரியர், இசையமைப்பாளர், நெறியாளர் என்போரின் பெயர்களை முதலிற் பொறித்து, ஆடியவரின் பெயரை இறுதியிற் குறிப்பது பெருவழக்காயிற்று. அவ்வழக்கு எவ்வளவு பொருத்தமுடையது என்பதை ஆராய்தற்கு ஒரு தனிக்கலைஞரின் வாழ்வை எடுத்து நோக்குதல் பயனுடைத்து. அமெரிக்க இசை நாடக மேடையிலும் திரையிலும் ஐம்பதாண்டுக்கு மேலாக ஆடிய குவென் வேர்டன் அத்தகைய ஒருவர்.

இசை நாடகம் என்று ஈண்டுக் குறிக்கப்படுவது நியூயோர்க் நகரின் புறோட்வே வட்டாரத்து அரங்குகளில் வளர்ந்த நாடக வகையாகும். அதில் உரையாடல், பாடல், ஆடல் ஆகிய மூன்றும் ஒரு கதையை நடத்திச் செல்கின்றன. தொடக்கத்தில் ஆடல், கதைக்கு இடையே வரும் கண்கவர் அலங்காரமாகவே இருந்தது. 1940களின் பின் அது பாத்திரத்தின் மனநிலையைப் புலப்படுத்தும் கருவியாக உயர்ந்தது. அவ்வுயர்வு உச்சம் பெற்ற காலத்திலேயே வேர்டன் மேடைக்கு வந்தார். அவரைப் பற்றிப் பேசுவோருட் பலர், பொப் பொசி என்னும் பெரும் நடன அமைப்பாளரின் மனைவி, அவர் கற்பனைக்கு உடல் தந்த கருவி என்று கூறி அமைவர். அக்கூற்று முழுமையான உண்மைதானா என்பதே இக்கட்டுரையின் வினா.

இளமையும் பயிற்சியும்

வேர்டன் 1925 ஜனவரி 13ஆந் திகதி கலிபோர்ணியா மாநிலத்துக் கல்வர் சிற்றி என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் ஹொலிவூட் படப்பிடிப்பு நிலையம் ஒன்றில் மின்வினைஞராகப் பணியாற்றியவர். தாயார் மேடையில் ஆடிப் பழகியவர், நடன ஆசிரியை. இவ்வாறு திரைப்படத் தொழிலும் ஆடற்கலையும் ஒரே இல்லத்திற் கூடியிருந்தன. எனினும் குழந்தையின் உடல் அக்கலைக்கு ஏற்றதாக அமையவில்லை. என்புருக்கி நோயினாற் கால்கள் வளைந்திருந்தன. தடித்த சப்பாத்துகளும் இரும்புக் கட்டுகளும் அணிந்தே அச்சிறுமி நடந்தாள். ஏனைய பிள்ளைகள் நொண்டி என்று எள்ளி நகையாடினர். தாயார் மனந்தளரவில்லை. மூன்று வயதிலேயே மகளை நடன வகுப்பிற் சேர்த்தார். கால்களுக்கு வலிவூட்டும் மருத்துவமாகத் தொடங்கிய பயிற்சி ஆறு வயதளவில் மேடையாட்டமாக மலர்ந்தது. பதினொரு வயதில், 1936இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றிற் பலே நடனம் ஆடும் சிறுமியாகவும் அவர் தோன்றினார்.

ஆயினும் அவர் வாழ்வு நேர்கோட்டிற் செல்லவில்லை. 1942இல், பதினேழு வயதில், பத்திரிகையாளர் ஒருவரை மணந்து ஆடலைக் கைவிட்டார். அடுத்த ஆண்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. மணவாழ்வு நிலைக்கவில்லை, 1947இல் மணமுறிவு ஏற்பட்டது. குழந்தையைப் பெற்றோரின் பொறுப்பில் விட்டு மீண்டும் ஆடற்றொழிலுக்குத் திரும்பினார். விட்ட கலையை மீளப் பற்றுதல் எளிதன்று; அதிலும் உடலையே கருவியாகக் கொண்ட கலையை மீளப் பற்றுதல் அரிது. அவருக்கு அக்காலத்திற் கிடைத்த ஆசான் அதனினும் அரியவர்.

ஜக் கோலும் பரதமும்

அவ்வாசான் ஜக் கோல். 1911இற் பிறந்து 1974இல் மறைந்த இவர், அமெரிக்க ஜாஸ் நடனத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். ரூத் சென். டெனிஸ், ரெட் ஷோன் ஆகிய இருவரும் நிறுவிய டெனிஷோன் குழுவில் இளமையிற் பயின்றவர். அக்குழு 1925, 1926ஆம் ஆண்டுகளில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட கீழைத்தேயங்களிற் சுற்றுப்பயணம் செய்தது. கீழைத்தேய ஆடல்களை மேலை மேடைக்கு எடுத்துச் செல்லும் வேட்கை அதற்கு இருந்தது. அவ்வேட்கையின் பயன் பெரும்பாலும் ஆடையிலும் அணியிலும் மேடைத் திரைச்சீலையிலும் தங்கிவிட்டது என்று கூறுதல் தவறாகாது.

கோல் அவ்வளவில் அமையவில்லை. இந்தியாவிற் பரதநாட்டியம் பயின்று நியூயோர்க்கில் அதனைக் கற்பித்த லா மேரி என்னும் அமெரிக்க மாதிடம் அவர் முறையாகப் பாடங்கேட்டார். அரைமண்டியில் நின்று உடலின் நிறையைத் தாழ்த்துதல், கண், கழுத்து, தோள், விரல் ஆகியவற்றைத் தனித்தனியே இயக்குதல், தாளத்தை நுணுகிப் பிரித்தல் ஆகிய இலக்கணங்களை உள்வாங்கினார். பின்னர் அவற்றை அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையோடு பொருத்தினார். அலாரிப்பிலே கண்ணும் கழுத்தும் தோளும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்தெழுவதைக் கண்டவர்கள், ஜாஸ் நடனத்தில் ஓர் உறுப்பு அசைய ஏனையவை அசையாது நிற்கும் முறையைக் காணும்போது உறவொன்றை உணர்வர். அது தற்செயலான ஒற்றுமையன்று, வரலாற்றுத் தொடர்புடையது.

கோலின் உதவியாளராக வேர்டன் பல ஆண்டுகள் உழைத்தார். பயிற்சி கடுமையானது, ஆசானும் கடுமையானவர். அக்காலத்து ஹொலிவூட் படங்களுக்குக் கோல் நடனம் அமைக்க, அவற்றை நடிகையர்க்குக் கற்பிக்கும் பணி வேர்டனிடம் விடப்பட்டது. 1953இல் வெளியான 'ஜென்டில்மென் பிறிபெர் புளொண்ட்ஸ்' படத்துக்காக மரிலின் மன்றோவும் ஜேன் ரசலும் அவரிடமே அசைவுகளைப் பயின்றனர். 1951இல் வெளிவந்த 'டேவிட் அன்ட் பாத்ஷீபா' முதலிய சில படங்களில் அவர் தாமும் ஆடினார். ஆனால் அவை சிறுதுண்டுகளே. திரையில் ஒளிர்ந்தது பிறர் முகம். அம்முகத்துக்கு அசைவைக் கொடுத்தது வேர்டனின் உழைப்பு. இந்நிலை அவர் வாழ்விற் பின்னும் ஒருமுறை மீளவிருந்தது.

கான் கான்

1953 மே 7ஆந் திகதி கோல் போர்ட்டர் இசையமைத்த 'கான் கான்' நியூயோர்க்கில் அரங்கேறியது. நடனம் அமைத்தவர் மைக்கல் கிட். தலைமைப் பாத்திரம் லீலோ என்ற பிரெஞ்சுப் பாடகியுடையது. வேர்டன் ஏற்றது துணைப்பாத்திரம். வெளியூர் ஒத்திகை மேடையேற்றங்களில் அவருக்குக் கிடைத்த கைதட்டல் தலைவிக்கு உவப்பளிக்கவில்லை என்றும், அதனால் அவரது பகுதி வெட்டிக் குறைக்கப்பட்டது என்றும் கூறுவர். எஞ்சியவை பெரிதும் இரு நடனங்களே.

அவ்விரண்டும் போதுமாயின. ஏதேன் தோட்டத்தைப் பொருளாகக் கொண்ட நடனத்தில் ஏவாளாக ஆடி முடித்து அவர் உள்ளே சென்றுவிட்டார். அரங்கம் அமைதியடையவில்லை. அவையோர் அவர் பெயரைக் கூவி நாடகத்தையே நிறுத்திவிட்டனர். உடைமாற்றிக்கொண்டிருந்தவரை மேலாடையொன்றைப் போர்த்தி மீண்டும் மேடைக்கு அழைத்து வந்து வணங்கச் செய்த பின்னரே கதை தொடர்ந்தது. அப்பாத்திரத்துக்காக அமெரிக்க நாடக உலகின் உயர்பரிசாகிய ரோனி விருது அவருக்குக் கிடைத்தது.

இந்நிகழ்ச்சி வியப்புக்குரிய செய்தி மட்டுமன்று. நம் வினாவுக்கு முதற்சான்றும் ஆகும். பொப் பொசியோடு அவர் பணியாற்றத் தொடங்கியது இதன் பின்னரே. எனவே, பொசி கண்டெடுத்தது களிமண்ணையன்று. முற்றிய ஒரு கலைஞரையே என்பது தெளிவு.

லோலா என்னும் பாத்திரம்

1955இல் மேடையேறிய 'டாம் யாங்கீஸ்' பொசியும் வேர்டனும் முதன்முதலிற் கூடிய நாடகம். நெறியாளர் ஜோர்ஜ் அபற். பேய்க்கு உயிரை விற்ற பவுஸ்துவின் பழங்கதை இங்கே பேஸ்போல் விளையாட்டின்மேல் ஏற்றப்பட்டிருக்கிறது. தன் குழு வெல்லவேண்டும் என்ற ஆசையால் முதியவன் ஒருவன் பேயோடு உடன்படிக்கை செய்து இளைஞனாகிறான். அவனை மயக்கி நெறி பிறழச் செய்யுமாறு பேய் ஏவும் பெண்ணே லோலா. ஒருகாலத்தில் அவள் தன்னூரிலே மிக அழகற்றவளாயிருந்தவள், அழகுக்காக உயிரை விற்றவள், வயதோ நூற்றெழுபத்திரண்டு.

இப்பாத்திரத்தை வெறும் மோகினியாக ஆடிவிடுதல் எளிது. விளையாட்டு வீரர் உடைமாற்றும் அறையில் லோலா தன் வலையை விரிக்கும் காட்சி அதற்கே வாய்ப்பானது. வேர்டன் வேறு வழியை மேற்கொண்டார். மயக்கும் பெண்ணை ஆடும்போதே, மயக்குதல் என்னும் தொழிலை எள்ளி நகையாடுவதையும் உடன் ஆடினார். ஓர் ஆடையை உதறும் கை கவர்ச்சியைக் காட்ட, அடுத்த கணத்திற் சறுக்கும் பாதம் அதனை நகைப்பாக்குகிறது. காமமும் நகையும் ஓருடலில் ஒரே வேளையில் நிகழ்கின்றன. இளைஞன் தன் மனைவியை மறவாதவன் எனக் கண்டு லோலா தோற்கும்போது அந்நகையினுள்ளிருந்து அவலம் வெளிப்படுகிறது. நம் மெய்ப்பாட்டியல் கற்றோர் இதனை எளிதில் உணர்வர். ஒரு சுவையை ஆடுதல் திறமை. அதனூடே மற்றொன்றை முளைக்கச் செய்தல் கலை. நடன அமைப்பாளர் அடியையும் அசைவையும் வகுக்கலாம். இந்நுண்மை ஆடுவோரின் அறிவிலிருந்தே பிறக்கவேண்டும்.

அந்நாடகம் 1,019 முறை ஆடப்பட்டது. வேர்டனுக்கு இரண்டாவது ரோனி விருதும் கிடைத்தது. 1958இல் அது திரைப்படமாக்கப்பட்டபோது லோலா பாத்திரம் அவருக்கே வழங்கப்பட்டது. பொசியும் வேர்டனும் தொப்பியணிந்து இணைந்தாடும் ஆட்டம் ஒன்றும் அதிலே பதிவாகியிருக்கிறது. வேர்டன் தலைமைப் பாத்திரத்தில் ஆடியதை இன்று காண விழைவோர்க்கு எஞ்சியிருக்கும் முழுநீளத் திரைப்படம் இஃதொன்றே. இதன் அருமை பின்னர் விளங்கும்.

குறைகளும் கூறல் வேண்டும்

1957இல் 'நியூ கேர்ள் இன் ரவுண்', 1959இல் 'றெட்ஹெட்' என்ற இரு நாடகங்கள் தொடர்ந்தன. முன்னது யூஜீன் ஓநீலின் 'அன்னா கிறிஸ்ரி' என்ற அவலநாடகத்தைத் தழுவியது. பின்னது இலண்டனில் மெழுகுப் பொம்மைக் காட்சிச்சாலை ஒன்றைச் சுற்றி நிகழும் கொலைக்கதை. இரண்டிலும் அவர் ரோனி விருது பெற்றார். ஆக, ஆறாண்டுக் காலத்துள் நான்கு விருதுகள்.

ஆயினும் நடுநிலையோடு நோக்கின், இவ்விரு நாடகங்களும் வேர்டனின் ஆட்டத்தால் வாழ்ந்தனவேயன்றி வேர்டனை வாழ்வித்தன அல்ல. ஓநீலின் இருண்ட கடலும் மூடுபனியும் இசை நாடகத்தின் களிப்பிலே கரைந்துபோயின. 'றெட்ஹெட்' அவருக்கென்றே தைத்த சட்டை. அவர் கழற்றிய பின் அதனை அணிவார் அருகினர். அவர் குரலும் பெரும் பாடகியரின் குரல் போன்றதன்று. சற்றே கரகரத்து நடுங்குவது அது. அந்நடுக்கமே பாத்திரங்களின் நெஞ்சுக்கு இசைந்தது என்று கூறலாமாயினும், இசையின்பத்தை மட்டும் நாடுவோர்க்கு அது குறையாகவே தோன்றும்.

'றெட்ஹெட்' பற்றி மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. அந்நாடகத்தில் நடிப்பதற்கு வேர்டன் விதித்த நிபந்தனை, பொசியே அதனை நெறிப்படுத்தவும் வேண்டும் என்பதாகும். அதுவரை நடனம் மட்டும் அமைத்து வந்த பொசி, புறோட்வேயில் நெறியாளராகவும் உயர்ந்தது அவ்வாறே. ஆசான் மாணவியை உயர்த்தினார் என்பர். இங்கே ஆடியவர் ஆசானை உயர்த்தினார். 1960இல் இருவரும் மணம்புரிந்தனர். 1963இல் நிக்கோல் என்னும் மகள் பிறந்தாள்.

சரிற்றி: மேடையும் திரையும்

1966 ஜனவரி 29ஆந் திகதி 'சுவீற் சரிற்றி' அரங்கேறியது. இத்தாலிய நெறியாளர் பெலினி 1957இல் எடுத்த 'கபீரியாவின் இரவுகள்' என்ற படத்தைத் தழுவி நீல் சைமன் உரையாடல் எழுத, சை கோல்மன் இசையமைத்தார். கூலிக்கு ஆடும் நடனக்கூடப் பெண் ஒருத்தி அன்பை நாடி அலைவதே கதை. தொடக்கத்தில் ஒரு காதலன் அவள் கைப்பையைப் பறித்துக் குளத்தில் தள்ளுகிறான். முடிவிலும் காதலன் ஒருவனால் அவள் குளத்துக்கே தள்ளப்படுகிறாள். இடையே இருப்பது நம்பிக்கை ஒன்றே.

நாற்பதாண்டு நிரம்பிய வேர்டன் அந்நம்பிக்கையை ஆடினார். புகழ்பெற்ற திரைநடிகன் ஒருவனின் மாளிகையில், அவன் அடையாளமாகத் தந்த தொப்பியையும் கோலையும் ஏந்தி அவள் தனியே ஆடும் காட்சி அந்நாடகத்தின் இதயம். பெருமிதத்தோடு நிமிரும் உடல் அடுத்த நொடியே தன் தகுதியில் ஐயங்கொண்டு குறுகுகிறது. குறுகிய உடல் மீண்டும் தொப்பியைச் சுழற்றி நிமிர்கிறது. ஏழைப்பெண்ணின் கனவும் அச்சமும் அவ்விரு அசைவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. நாடகம் 608 முறை மேடையேறியது.

1969இல் அது படமாக்கப்பட்டது. நெறியாளர் பொசியே. ஆனால் சரிற்றியாக நடித்தவர் வேர்டன் அல்லர், ஷேர்லி மக்லெயின். திரையுலகத்தார் தமக்குப் பழக்கமான முகத்தையே விரும்பினர். வேர்டன் செய்தது யாது? தாம் உருவாக்கிய ஆட்டத்தை அவருக்குக் கற்பித்தார். முன்னர் மன்றோவுக்குச் செய்த பணியே இது. ஆயினும் முன்பு கற்பித்தது கோலின் நடனம், இப்பொழுது கற்பித்தது தம் வாழ்வின் சாரம். மக்லெயினின் நடிப்பு குறைவுடையதன்று. எனினும் பின்வந்த தலைமுறைக்குச் சரிற்றி என்றால் மக்லெயினே. மேடையில் 608 முறை எழுந்த உருவம் கண்டவர் நினைவோடு மறைய, படச்சுருளில் ஏறிய உருவம் நின்றுவிட்டது. கலைஞரின் புகழ் தகுதியால் மட்டுமன்றிப் பதிவாலும் அளக்கப்படும் காலம் இது. அதன் கொடுமைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

சிக்காகோ

1926இல் மொறீன் டலஸ் வொட்கின்ஸ் என்ற பெண் பத்திரிகையாளர் எழுதிய நாடகம் 'சிக்காகோ'. கொலை செய்த பெண் பத்திரிகைகளின் ஆரவாரத்தாற் புகழ்பெற்று விடுதலையாவதை அது எள்ளுகிறது. அதனை இசை நாடகமாக்கவேண்டும் என்ற வேட்கை வேர்டனுக்கு நெடுங்காலமாக இருந்தது. ஆசிரியை இசையவில்லை. 1969இல் அவர் மறைந்த பின்னரே உரிமை கிடைத்தது. இதற்கிடையில் 1971இல் வேர்டனும் பொசியும் பிரிந்துவிட்டனர், ஆயின் மணமுறிவு செய்துகொள்ளவில்லை, கலையிலும் பிரியவில்லை. 1974இன் இறுதியில், ஒத்திகை தொடங்கிய காலத்திற் பொசிக்கு மாரடைப்பு ஏற்பட்டது. எல்லாரும் காத்திருந்தனர். 1975 ஜூன் 3ஆந் திகதி நாடகம் அரங்கேறியது.

ஐம்பது வயதில் வேர்டன் றொக்சி ஹாட் என்ற இளம் கொலைகாரியாக ஆடினார். உடன் ஆடியவர் சீற்றா றிவேரா. ஒரு காட்சியில், வழக்கறிஞனின் மடியிற் பொம்மையாக அமர்ந்து அவன் குரலுக்கு வாயசைக்கிறாள் றொக்சி. பிறர் கையிற் பாவையாக ஆடுதல் போலத் தோன்றும் அக்காட்சியில், ஒவ்வோர் உறுப்பையும் தன் ஆணைக்குள் வைத்திருக்கும் ஒருவரே பாவையாக ஆட முடியும் என்பது புலனாகிறது. வேர்டனைப் பொசியின் பாவை என்போர் இதனைச் சிந்தித்தல் தகும்.

இடையில் தொண்டை நோயால் வேர்டன் சிலவாரம் ஓய்வுகொள்ள, லைசா மினெலி அப்பாத்திரத்தை ஏற்று உதவினார். நாடகம் 936 முறை ஆடப்பட்டது. 1996இல் புதுக்கித் தொடங்கிய மேடையேற்றமோ புறோட்வேயில் மிக நீண்டகாலம் ஓடிய அமெரிக்க இசை நாடகம் என்ற பெயரைப் பெற்றது. அதன் வித்து ஓர் ஆடற்கலைஞரின் வேட்கை என்பதை அதனைக் கண்டு களித்தோருள் எத்துணைப் பேர் அறிவர்?

ஆடல் யாருடையது?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை காண்போம். பொசியின் பெருமையைக் குறைத்தல் நேர்மையாகாது. உள்நோக்கித் திரும்பிய முழங்கால், குவிந்த தோள், வட்டத்தொப்பி, கையுறை, ஒரு விரலின் அசைவால் அரங்கை ஈர்க்கும் சிக்கனம் என இவை அவர் முத்திரைகள். 1973ஆம் ஆண்டில் ஒஸ்கார், ரோனி, எமி ஆகிய மூன்று விருதுகளையும் பெற்றவர் அவர். வேர்டன் இன்றியும் 'கபரே' போன்ற சிறந்த படத்தை அவரால் நெறிப்படுத்த முடிந்தது என்று வாதிப்பார் உளர். அவ்வாதத்துக்கும் மறுப்பு உண்டு. அப்படப்பிடிப்பின்போது ஜேர்மனிக்குச் சென்று உடைகளைத் தேர்ந்துதவியவர் வேர்டன். ஒரு காட்சிக்கு வேண்டிய குரங்கு முகமூடியை நியூயோர்க்கிலிருந்து தாமே சுமந்து வந்தார் என்பர். படத்தின் பெயர்ப்பட்டியல் இவற்றைப் பேசாது.

மேலும், உறுப்புகளைத் தனித்தனியே இயக்கும் முறை கோலிடமிருந்து வேர்டன் பெற்று வந்தது. அவ்வுடலோடு பல்லாண்டு பழகிய பொசியின் நடையில் அதன் சாயல் படியாதிருத்தல் இயலாது. நடன அமைப்பாளர் ஓர் அசைவை எண்ணுகிறார். ஆடுவோர் அதனைச் செய்து காட்டும்போது அது திரிந்து புதிதாகிறது. அத்திரிபைக் கண்டு அமைப்பாளர் மேலும் எண்ணுகிறார். இவ்வாறு பிறந்த ஆடலில் இது என்னுடையது, அது உன்னுடையது எனப் பிரித்தல், நெல்லில் மழை எவ்வளவு, மண் எவ்வளவு எனப் பிரித்தலை ஒக்கும். ஆனால் உழவனின் பெயரை மட்டும் எழுதி நிலத்தின் பெயரை மறத்தல் கணக்காகாது.

1969இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வேர்டன் இரு பெண்களுடன் ஆடிய குறுநடனம் ஒன்றுண்டு. 2008இற் பியோன்சே என்ற பாடகி வெளியிட்ட பாடற்படம் அதனைத் தழுவியது. அவரும் அதனை ஒப்புக்கொண்டார். உலகெங்கும் இளைஞர் அவ்வசைவுகளை ஆடினர். பேசப்பட்ட பெயர் பெரும்பாலும் பொசியுடையதே. 2019இல் இருவர் வாழ்வையும் பொருளாகக் கொண்டு வெளிவந்த தொலைக்காட்சித் தொடருக்கு 'பொசி/வேர்டன்' எனப் பெயரிட்டனர். இரு பெயரும் ஒரே வரியில் நின்றது அப்பொழுதுதான். அவர் மறைந்து ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகள் சென்றுவிட்டன.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பயின்றோர்க்கு இவ்விடத்து ஓர் உண்மை தோன்றும். இளங்கோவடிகள் மாதவியின் ஆடலைக் கூறவந்த இடத்தில் ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாளன், குழலோன், யாழோன் ஆகிய ஒவ்வொருவரின் தகுதியையும் தனித்தனியே வகுத்துரைக்கிறார். எவர் பங்கும் மற்றவர் பங்கில் மூழ்கவில்லை. ஏழாண்டு பயின்று பன்னீராண்டில் அரங்கேறிய மாதவிக்கே தலைக்கோலும் ஆயிரத்தெண் கழஞ்சுப் பொன்மதிப்பும் கிடைக்கின்றன. ஆசானின் சிறப்பைக் குறையாது கூறியும் ஆடியவளுக்கு உரியதை ஆடியவளுக்கே வழங்கிய அந்நடுநிலை கலைத்திறனாய்வு செய்வோர்க்கு என்றும் வழிகாட்டுவது. வேர்டன் பெற்ற நான்கு விருதுகளும் அவர் காலத்துத் தலைக்கோல்களே. அவற்றை வழங்கிய அவை மறக்கவில்லை. பின்வந்த ஏடுகளே மறந்தன.

இறுதிக்காலம்

1978இல் மேடையேறிய 'டான்சின்' நாடகத்தில் வேர்டன் பொசிக்குத் துணைநின்றார். 'த கொற்றன் கிளப்', 'கக்கூன்', 'மாவின்ஸ் றூம்' முதலிய படங்களிற் குணச்சித்திர நடிகையாகவும் விளங்கினார். 1987 செப்டெம்பர் 23ஆந் திகதி, 'சுவீற் சரிற்றி' வாஷிங்டனில் மீண்டும் மேடையேறிய மாலையில், அரங்குக்கு அண்மையில் பொசி நிலைகுலைந்து வீழ்ந்து உயிர்நீத்தார். அருகிலிருந்தவர் வேர்டன். அதன்பின் பொசியின் ஆடல்களை இளந்தலைமுறைக்குக் கற்பிப்பதே அவர் பணியாயிற்று. 1999இற் புறோட்வேயில் அரங்கேறிய 'பொசி' என்ற ஆடற்றொகுப்புக்கு அவர் கலையாலோசகர். அவ்வசைவுகளை நன்கறிந்த ஏடு அவர் உடலாகவே இருந்தது. தம் பெயரன்றித் தம் கணவர் பெயர் தாங்கிய நிகழ்ச்சிக்கு அவ்வேட்டைத் திறந்து கொடுத்தார்.

2000 ஒக்ரோபர் 18ஆந் திகதி, எழுபத்தைந்தாம் வயதில், வேர்மொன்ற் மாநிலத்தில் குவென் வேர்டன் காலமானார். அன்றிரவு எட்டு மணிக்குப் புறோட்வே அரங்குகளின் விளக்குகள் அவர் நினைவாக மங்கச் செய்யப்பட்டன.

இரும்புக் கட்டணிந்து நடந்த சிறுமி, கால்களாலே ஒரு நாட்டின் நாடகக்கலையை உயர்த்தினாள் என்பது மாணவர்க்கு ஊக்கந்தரும் வரலாறு. ஆயின் அவ்வூக்கத்தோடு அமைதல் போதாது. கற்பித்தோர், கற்றோர், ஆடியோர், அடுத்தவர்க்குக் கையளித்தோர் ஆகிய அனைவரும் சேர்ந்தே ஒரு கலையை வாழ்விக்கின்றனர். அவர்தம் பங்கை வேறுவேறாக அறிந்து, உரிய இடத்தில் உரிய பெயரை எழுதுதல் வரலாறு எழுதுவோரின் கடன். ஆடல் அழியக்கூடியது, ஆடியவர் பெயரும் அழியவேண்டும் என்பதில்லை.